துவக்கும் பொறுமையும்

எசனின் குருப் ஆலையில் 1923 மார்ச் 31 அன்று, பிரெஞ்சுப் படைக்கு எதிராக வேலையை நிறுத்தித் திரண்ட தொழிலாளரில் 13 பேர் சுடப்பட்டு இறந்தனர். இந்நகரில் வாழும் எனக்கு 1961 யாழ்ப்பாணக் கச்சேரி மறியல்தான் நினைவில் வருகிறது. அதைப்பற்றிய எம்மவர் எழுத்துக்களில் தலைவர்களின் பெயர் உண்டு, தடியடி உண்டு, அகிம்சை தோற்றதென்ற தீர்ப்பும் உண்டு. வாசலில் படுத்துக் கிடந்தவர் திருப்பி அடிக்காதிருக்க எப்படிப் பழகினார் என்பதைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1959இல் ஜேம்ஸ் லோசன், ஏச்சையும் அடியையும் தாங்க மாணவர்களுக்கு ஒத்திகை நடத்தினார். 1960 பெப்ரவரியில் அவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவுமேசைகளில் போய் அமர்ந்தனர். மே மாதம் அம்மேசைகள் எல்லோருக்கும் திறந்தன.

துவக்குக்குப் பயிற்சி வேண்டுமென்று அறிந்த நாங்கள், பொறுமையைப் பிறவிக் குணமென்று விட்டுவிட்டோம். தோல்வியை எழுதுவோர், முதலில் அந்த வாசலில் படுத்திருந்தவரின் கதையை எழுதட்டும்.