அடையாளங்களும் ஆறுதலும்: நைட் சியாமளனின் படைப்புகளில் இறைப் பராமரிப்பு

துன்பத்திற்குப் பொருள் உண்டா என்னும் வினா பிரசங்க பீடத்திற்கு மட்டும் உரியதன்று. திரைப்படமும் தொலைக்காட்சியும் அதனைக் கேட்கின்றன. சில வேளைகளில் நம்மைவிடத் துணிவாகவே கேட்கின்றன. அவ்வாறு கேட்ட கலைஞருள் ஒருவர் நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியோடு பிறப்பால் தொடர்புடையவர். மனோஜ் நைட் சியாமளன் 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், முன்னர்ப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாகேயில் பிறந்தார். தந்தையார் மலையாளி, தாயார் தமிழர், இருவரும் மருத்துவர்கள். கைக்குழந்தையாக அமெரிக்கா சென்ற அவர் பிலடெல்பியா நகருக்கு அருகே வளர்ந்தார். இந்துக் குடும்பத்தினராயினும் முதலில் கத்தோலிக்கப் பள்ளியிலும், பின்னர் எப்பிஸ்கோப்பல் திருச்சபை மரபைச் சார்ந்த பள்ளியிலும் பயின்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை கற்றார். இந்திய அரசு 2008-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அறிவியல் புனைவும் அமானுடமுமே அவருடைய களங்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் உறைநிலையில் வைக்கப்பட்டுப் பின் விழித்தெழும் மாந்தரைப் பற்றிய ‘வேவார்ட் பைன்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் முதற்பகுதியை 2015-இல் இயக்கியவர் அவரே. தம் திரைப்படங்கள் பலவற்றில் அவரே நடித்தும் உள்ளார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை வரைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் படைப்புகள் இறைப் பராமரிப்பை எவ்வாறு விளக்குகின்றன, அவ்விளக்கம் துக்க வீட்டில் நிற்கும் போதகருக்குத் துணையாகுமா என்பனவற்றை ஆராய்வதே நோக்கம்.

1. கோபத்தோடு மன்றாடுதல்

அவருடைய முதற்படம் 1992-இல் வெளிவந்த ‘பிரேயிங் வித் ஆங்கர்’. ‘கோபத்தோடு மன்றாடுதல்’ என்பது அதன் பொருள். சென்னையில் படமாக்கப்பட்ட அதில் சியாமளனே தலைமைப் பாத்திரம் ஏற்றார். அமெரிக்காவில் வளர்ந்து, தாய்நாட்டில் பயில வரும் இளைஞன் ஒருவன் மன்றாட இயலாமல் தவிக்கிறான். எவ்வுணர்வோடும் கடவுளை அணுகலாம், அலட்சியத்தோடு மட்டும் அணுகலாகாது என்று அவன் அறிகிறான். அவனிடம் இருப்பது கோபமே. ஆகவே கோபத்தோடு மன்றாடுகிறான்.

படம் பெரும் புகழ் ஈட்டவில்லை. ஆயினும் அதன் மையக் கருத்து நம் திருமறைக்கு அந்நியமானதன்று. யோபு கடவுளோடு வழக்காடினார். அவருடைய நண்பர்களோ கடவுளின் சார்பாக விளக்கம் அளித்தனர். நூலின் முடிவில் கண்டிக்கப்படுபவர்கள் விளக்கம் அளித்த நண்பர்களே. 88ஆம் சங்கீதம் ஆறுதலான சொல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. எனினும் அது வழிபாட்டு நூலிலிருந்து நீக்கப்படவில்லை. 1998-இல் வெளிவந்த ‘வைட் அவேக்’ படத்திலும் இத்தேடல் தொடர்கிறது. அதில் தாத்தாவை இழந்த சிறுவன் ஒருவன் கடவுளைத் தேடிச் செல்கிறான்.

2. முடிவு தரும் விளக்கம்

சியாமளனை உலகறியச் செய்தது 1999-இல் வெளிவந்த ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’. ஆறு ஆஸ்கார் விருதுகளுக்கு அது முன்மொழியப்பட்டது. சிறுவன் ஒருவனுக்கு உதவ முயலும் மருத்துவர் தாமே இறந்துவிட்டவர் என்பது இறுதியில்தான் வெளிப்படுகிறது. அக்கணமே நாம் முன்னர்க் கண்ட காட்சிகள் அனைத்தும் வேறு பொருள் பெறுகின்றன. கதை சொல்லும் முறை என்ற அளவில் இது வியத்தற்குரியது.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பின் அம்முறையே ஒரு கொள்கையாகிவிட்டது. 2002-இல் வெளிவந்த ‘சைன்ஸ்’, அதாவது ‘அடையாளங்கள்’, என்னும் படத்தின் நாயகர் கிரகாம் ஹெஸ், எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் முன்னாள் குரு. சாலை விபத்தில் மனைவியை இழந்தபின் அவர் திருப்பணியைத் துறந்தார். சுவரில் சிலுவை இருந்த இடத்தில் அதன் தடம் மட்டும் எஞ்சியுள்ளது. வேற்றுலகத்தார் படையெடுத்து வர, குடும்பம் நிலவறையில் ஒளிகிறது. அங்கே மகனுக்கு ஆஸ்துமாவால் மூச்சு முட்டுகிறது. மருந்தோ கைவசம் இல்லை. மகனை மார்போடு அணைத்தபடி கிரகாம் கடவுளை வெறுப்பதாகக் கூறுகிறார். சியாமளனின் படங்களில் இதனினும் உண்மையான மன்றாட்டு இல்லை எனலாம். பேசமாட்டேன் என்று விலகியவர் இங்கே கோபத்தோடாவது கடவுளிடம் பேசிவிடுகிறார்.

ஆயின் படம் அங்கே நிற்கவில்லை. இறுதியில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சாகும் தறுவாயில் மனைவி உரைத்த சொற்கள் மட்டையால் ஓங்கி அடிக்கும்படி கிரகாமின் தம்பிக்கு இட்ட கட்டளையாகின்றன. சிறுமி வீடெங்கும் குடிக்காமல் வைத்த நீர்க்குவளைகள் பகைவனை அழிக்கும் படைக்கலங்களாகின்றன. மூச்சு அடைபட்டிருந்ததால் மகனின் நுரையீரலுக்குள் நச்சுவாயு புகவில்லை. கிரகாம் மீண்டும் குருத்துவ உடை அணிகிறார். விசுவாசம் திரும்பிவிட்டது.

3. ஒரு மாணவியின் வினா

சாரம் பகுதியில் இளைஞர் குழு ஒன்றோடு இப்படத்தைக் கண்டு கலந்துரையாடியபோது, கல்லூரி மாணவி ஒருவர், “ஆஸ்துமா இல்லாத பிள்ளையைக் கடவுள் எப்படிக் காப்பாற்றுவார், ஐயா?” என்று கேட்டார். இவ்வொரு வினா படத்தின் முடிவையே அசைத்துவிடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆஸ்துமா இல்லை. அவ்வீட்டுச் சிறுமி குவளைகளில் நீர் வைக்கவில்லை. அவ்வீட்டாரின் கதையைப் படம் கூறவில்லை. தப்பியவர் வீட்டில் நின்றுகொண்டே அது பராமரிப்பைப் பேசுகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்காலையும் புதுச்சேரிக் கடலோர ஊர்களையும் தாக்கியதை நாம் மறக்கவில்லை. தப்பியவர்கள் நன்றி செலுத்தியது முறையே. ஆனால் தப்பியவரின் நன்றியை இறந்தவருக்குரிய விளக்கமாக மாற்ற நமக்கு உரிமையில்லை. சீலோவாமின் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதைக் குறித்துப் பேசுகையில் ஆண்டவர் அவ்விளக்கத்திற்கு இடங்கொடுக்கவில்லை என்பதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

இக்குறை ஒரு படத்தோடு நின்றுவிடவில்லை. 2023-இல் வெளிவந்த ‘நாக் அட் த கேபின்’ பால் டிரெம்பிளே எழுதிய நாவலைத் தழுவியது. ஒரு குடும்பம் தம்முள் ஒருவரைப் பலியிடாவிடில் உலகம் அழியும் என்று அந்நியர் நால்வர் கூறுகின்றனர். அவர்கள் கூற்று மெய்யா பொய்யா என்பதை நாவல் உறுதிசெய்யாமல் விடுகிறது. திரைப்படமோ அதனை மெய்யென்று நிலைநாட்டி, பலி நிகழ்ந்ததும் பேரழிவை நிறுத்துகிறது. ஐயத்தைத் திறந்தபடி விட்டுவைக்க சியாமளனால் இயலவில்லை.

4. நடிகராக சியாமளன்

எனினும் அவர் நடிகராகத் தோன்றும் இரு இடங்கள் நமக்கு வேறொன்றைக் கற்பிக்கின்றன. 2006-இல் வெளிவந்த ‘லேடி இன் த வாட்டர்’ படத்தில், எதிர்காலத்தில் உலகையே மாற்றவிருக்கும் நூலை எழுதும் எழுத்தாளராக அவர் தோன்றுகிறார். விமர்சகர் பலர் இதனை எள்ளி நகையாடினர். கதையை எழுதியவரே கதைக்குள் தீர்க்கதரிசியாக அமர்ந்துகொண்டால் கேட்போர்க்கு ஐயுறவும் இடமில்லை, அழவும் இடமில்லை. தம் பிரசங்கத்திற்குத் தாமே நாயகராகும் போதகருக்கும் இது பொருந்தும்.

‘அடையாளங்கள்’ படத்தில் அவர் ஏற்ற வேடமோ ரே ரெட்டி. வண்டியோட்டுகையில் கண்ணயர்ந்து, குருவின் மனைவியின் சாவுக்குக் காரணமானவர் இவரே. வண்டியில் அமர்ந்தவாறு தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு கிரகாமிடம் வருந்துகிறார். அந்நேரத்தில் கிரகாம் மன்னிப்பை மொழியவுமில்லை, சபிக்கவுமில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறார். படத்தின் முடிவு அனைத்தையும் விளக்கிவிடுகிறது. இக்காட்சி எதையும் விளக்கவில்லை. குற்றவாளியும் துயருற்றவரும் நேருக்கு நேர் நிற்கின்றனர், அவ்வளவே. தம் கதையில் ஞானியின் இருக்கையை விடுத்துக் குற்றவாளியின் இருக்கையில் சியாமளன் அமர்ந்தது பாராட்டத்தக்கது.

5. துக்க வீட்டில்

இளம் போதகர்கள் இப்படங்களைக் காணட்டும். இறைநம்பிக்கையைக் கேலிப்பொருளாக்காமல் பெருந்திரளான மக்கள் முன் வைத்த இயக்குநர் சிலருள் சியாமளன் ஒருவர். ஆனால் அவர் படங்களின் முடிவை அடக்க ஆராதனைக்கு எடுத்துச் செல்லலாகாது. பிள்ளையை இழந்த தாயிடம், எல்லாம் ஒரு திட்டத்தில் பொருந்தும் என்று கூறுவது யோபின் நண்பர்கள் செய்த செயலாகும்.

கல்லறையிலிருந்து எழுந்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டினார். உயிர்ப்பு அக்காயங்களை நீக்கவில்லை. அவை ஏன் ஏற்பட வேண்டியிருந்தன என்று தோமாவுக்கு விரிவுரையும் தரவில்லை. நம் நம்பிக்கை காயங்களோடு எழுந்தவரைப் பற்றியது. ஆகவே துக்க வீட்டில் விளக்கத்தைக் குறைப்போமாக. அழுவோரின் கோபத்தையும் மன்றாட்டாக ஏற்றுக்கொள்வோமாக. அவர்களோடு இன்னும் சற்று நேரம் அமர்ந்திருக்கக் கற்றுக்கொள்வோமாக.