மெல்வில் காட்டிய வாலும் கயிறும்

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலை, விதியின் கதை என்பர் சிலர். இறைவனோடு மனிதன் தொடுத்த போர் என்பர் வேறு சிலர். அவ்விளக்கங்களை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், அந்த வெள்ளைத் திமிங்கிலம் வெறும் குறியீடன்று. அங்க அடையாளம் கூறப்பட்ட ஒரு தனி உயிர். சுருக்கம் விழுந்த வெண்ணெற்றி, கோணிய தாடை, வால் துடுப்பின் வலப்பக்கம் மூன்று துளைகள் ஆகியவற்றைச் சொல்லித்தான் ஈட்டிக்காரர்கள் அதனை இன்னதென்று அறிகின்றனர்.

மோபி டிக் எண்ணெய்த் திமிங்கில இனம். வேறோர் இனமாகிய கூன்முதுகுத் திமிங்கிலத்தையும் இன்று வாலைக் கொண்டே அறிகிறார்கள். ஆழ மூழ்குகையில் அது வாலை உயர்த்தும். அதன் அடிப்புறத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒன்றுக்கிருப்பதுபோல் மற்றொன்றுக்கு இராது. 1970-களில் மேய்ன் மாநிலத்தில் ஸ்டீவன் கட்டோனாவும் உடனுழைத்தோரும் இவ்வால்களின் நிழற்படங்களைத் தொகுத்துப் பட்டியலாக்கினர்.

கயிற்றுக்கும் இத்தகைய வரலாறுண்டு. சுந்தா நீரிணையில் நிகழும் அத்தியாயத்தில் (அங்கே மலாயர்களைக் கடற்கொள்ளையராகவே காட்டுவது எனக்கு உவப்பாயில்லை) ஈட்டிக் கயிற்றில் மரக்கட்டைகளைப் பிணைத்து, அப்பாரத்தை இழுத்தே திமிங்கிலம் தளரச் செய்யும் உபாயத்தை மெல்வில் விவரிக்கிறார். 1984-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராவின்ஸ்டவுனில், மீன்வலையில் சிக்கிய ‘ஐபிஸ்’ என்னும் கூன்முதுகுத் திமிங்கிலத்தை மீட்டவர்கள் கையாண்டதும் அவ்வுபாயமே. உடலைச் சுற்றிய கயிற்றில் மிதவைகளைக் கட்டினர்; அது களைத்து நீர்மட்டத்தில் நின்றதும் வலையை அறுத்து விடுவித்தனர்.

இவ்வளவு கூர்ந்து நோக்கிய ஆசிரியர் ஓரிடத்தில் வழுவினார். கூன்முதுகுத் திமிங்கிலத்தைக் களிப்பு மிக்கதென்று வியந்துவிட்டு, எண்ணெய்க்கு விலையில்லை என்று சில வரிகளில் முடித்துவிடுகிறார். பிறிதோர் அத்தியாயத்தில் திமிங்கிலக் குலம் அழியாதென வாதிக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் வெடியீட்டி தென்கடல்களில் மட்டும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றது. அவ்வாதத்தைக் கப்பற்காரனின் நம்பிக்கையாகக் கொள்ளலாமேயன்றி, உயிர்நூலாகக் கொள்ளலாகாது.

மாணவர்க்கான சுருக்கப் பதிப்புகள் பெரும்பாலும் இத்தகைய அத்தியாயங்களையே வெட்டிவிட்டு வேட்டையை மட்டும் நிறுத்துகின்றன. சுந்தா அத்தியாயத்தையேனும் முழுமையாகப் படிப்பித்தல் வேண்டும். தாயின் கொப்பூழ்க்கொடி ஈட்டிக் கயிற்றோடு பின்னிக்கொள்ளக் குட்டி அகப்படுவதை மெல்வில் அங்கேதான் சொல்கிறார்.