கேள்வி கேட்காத ஸ்கிரிப்ட்

நல்ல ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று கிடைத்தால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் வரி வரியாகப் படித்து ரசிப்பது என் வழக்கம். விளையாட்டுகளுக்கு மேப் கட்டும் ஹேமர் எடிட்டரை லினக்ஸில் நிறுவித் தருகிற ஸ்கிரிப்ட் என்றால் தனி ஆசை.

ஹேமரின் பழைய பெயர் வேர்ல்ட்கிராஃப்ட். 'குவேக்' விளையாட்டுக்கு மேப் கட்டுவதற்காக பென் மாரிஸ் 1996இல் வெளியிட்டார். வால்வ் நிறுவனம் அதை வாங்கி, 'ஹாஃப்-லைஃப்' உலகத்தை அதிலேயே கட்டியது. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் என்பதால் லினக்ஸில் வைனின் துணை வேண்டும். 1993 முதல் வளர்ந்துவரும் வைன், நிரல் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற விதத்தில் மாற்றிக் கொடுக்கிறது.

எழுதியவரின் கைத்திறன் முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும். எடிட்டருக்கென்று தனி வைன் பிரிஃபிக்ஸ் உண்டாக்கியிருக்கிறாரா? பிரிஃபிக்ஸ் என்பது ஒரு ஃபோல்டர்தான். ஆனால் அதற்குள் சொந்தமாக ஒரு சி டிரைவ், சொந்தமாக ஒரு ரெஜிஸ்ட்ரி. வேறொரு விளையாட்டுக்காகப் போட்ட டிஎல்எல் இங்கே வந்து மோதாது. வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும்.

அடுத்தது அமைதி. புது பிரிஃபிக்ஸ் பிறக்கும்போது மோனோ, கெக்கோ என்ற துணை மென்பொருள்கள் இரண்டையும் நிறுவலாமா என்று வைன் பெட்டி திறந்து கேட்கக்கூடும். தேவையில்லாத இடத்தில் அந்தக் கேள்வி எழாதபடி, தேர்ந்த கை ஒரே ஒரு சூழல் மாறியால் முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. வைனுக்குள் தேவையான நூலகங்களை நிறுவித் தரும் வின்டிரிக்ஸையும் சத்தமில்லாத முறையில் அழைக்கிறது. பயனரின் நேரத்துக்குத் தரும் மரியாதை அது.

நான் மிகவும் ரசிப்பது காத்திருக்கும் இடத்தை. ரெஜிஸ்ட்ரி மாற்றங்களை, வைனின் பின்னணி நிரலான வைன்சர்வர் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகுதான் கோப்பில் எழுதுகிறது. அவசரப்பட்டு அந்தக் கோப்பில் கைவைத்தால் நம் மாற்றம் காணாமல் போகும். பழகாதவர் இங்கே 'பத்து விநாடி தூங்கு' என்று எழுதுவார். மெதுவான கணினியில் அது போதாது, வேகமான கணினியில் அது வீண். தெரிந்தவர், அந்தப் பிரிஃபிக்ஸின் வேலைகள் அத்தனையும் முடியும்வரை காத்திருக்கும்படி வைன்சர்வரிடமே சொல்லிவிடுகிறார். எந்தக் கணினியிலும் சரியான அளவு காத்திருப்பு. ஒரு சின்ன வரிக்குள் எவ்வளவு நிதானம்!

பாதைகளிலும் இதே நேர்த்தி வேண்டும். விளையாட்டின் ஃபோல்டர் எங்கே, மேப்பைக் கம்பைல் செய்யும் விபிஎஸ்பி, விவிஸ், விராட் மூன்றும் எங்கே என்று ஹேமருக்கு விண்டோஸ் பாணியில் சொல்ல வேண்டும். சாய்கோடுகளைத் திருப்பிப்போட்டு ஒப்பேற்றுபவர்கள் உண்டு. வைன்பாத் என்ற கருவியிடம் கேட்டு வாங்குவதே அழகு. எந்த டிரைவில் எது இருக்கிறது என்பது வைனுக்குத்தான் தெரியும்.

ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினாலும் எதையும் கெடுக்காமல், இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை மட்டும் சேர்க்க வேண்டும். கடைசியாக, எடிட்டர் திறந்ததோடு 'முடிந்தது' என்று சொல்லும் ஸ்கிரிப்டை நான் முழுமையானதாக ஏற்பதில்லை. ஆறு சுவர், ஒரு விளக்கு, ஆட்டக்காரர் நிற்க ஓர் இடம் என்று சின்ன மேப் ஒன்றைக் கூடவே வைத்து, மூன்று கம்பைலர்களையும் அதன்மேல் ஓட்டி, கம்பைல் ஆன மேப்பான பிஎஸ்பி கோப்பு உண்டானதா என்று பார்த்த பிறகே அது வெற்றியை அறிவிக்க வேண்டும்.