பொம்மைப் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை: ‘பிஐஎஸ் கேர்’ செயலி எவ்வளவு உதவும்?

புனே ஏரவாடாவில் குஞ்சன் சௌக் பக்கம் பொம்மை வாங்கப் போனால், கடையிலும் நடைபாதையிலும் பார்வைக்கு ஒரே மாதிரியான ரிமோட் கார்கள்தான் கிடைக்கின்றன. எதை நம்பிக் குழந்தையின் கையில் கொடுப்பது? இந்திய தர நிர்ணய அமைவனம் 2020இல் வெளியிட்ட ‘பிஐஎஸ் கேர்’ செயலியைக் கடைகளிலேயே நின்று பயன்படுத்திப் பார்த்தேன்.

என்ன பார்க்க வேண்டும்?

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண் இருக்கும்: சாதாரண பொம்மைக்கு 9873, பேட்டரியில் ஓடுவதற்கு 15644. கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்.

செயலி எப்படி?

உரிமச் சரிபார்ப்புப் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் உள்ளதா என்ற விவரம் எல்லாம் வந்துவிடுகின்றன. எண் செல்லுபடியாகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். வேறொருவரின் எண்ணை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். திரையில் வரும் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பெட்டியில் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது, எண்ணே இல்லை. அதை வாங்கவில்லை.

கையால் செய்ய வேண்டிய சோதனை

உரிமம் உண்டா என்பதைத்தான் செயலி சொல்லும். கையில் இருக்கும் பொம்மையின் நிலையை நாம்தான் பார்க்க வேண்டும். நடைபாதையில் ஒரு ரிமோட்டைத் திருப்பினேன். பேட்டரி மூடியில் திருகு இல்லை. நகத்தால் நெம்பியதும் பட்டன் பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது. குழந்தை இதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்து புண்ணாகலாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள்.

அடுத்தது சிறு துண்டுகள். பொம்மையின் கண், சக்கரம், பொத்தான் எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். சோதனைக்கூடங்களில் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு மூச்சை அடைக்கக்கூடும் என்பதால், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மையில் அது இருக்கக் கூடாது. வீட்டில் அட்டையை அதே விட்டத்துக்குச் சுருட்டினால் ஏறக்குறைய அந்தச் சோதனையைச் செய்துவிடலாம். சின்னக் காந்தங்கள் உள்ள பொம்மை சிறுவர்களுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால், அவை ஒன்றையொன்று இழுத்து நடுவில் குடலை நசுக்கி ஓட்டையாக்கிவிடும்.

தீர்ப்பு

பொம்மை வாங்கும் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இந்தச் செயலி இருக்க வேண்டும். ஆனால் வாங்குவதற்கு முன் செய்யும் சோதனையோடு வேலை முடிவதில்லை. கீழே விழுந்து உடையும் பொம்மையை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், உடைந்ததைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள். எண் இல்லாத பேட்டரி பொம்மை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். போலி முத்திரை கண்ணில் பட்டால், செயலியின் புகார் பகுதியில் அன்றே பதிவு செய்யுங்கள்.