எல்கேஜி, மாண்டிசோரி, அங்கன்வாடி: எதை ஒப்பிடுகிறோம்?

வடக்கனந்தல் பக்கம் மூணு வயசுப் பிள்ளையை எங்கே விடலாம்னு கேட்டால் பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வரும்: இங்கிலீஷ் மீடியம் எல்கேஜி, இல்லைன்னா பால்வாடி. கல்வராயன் மலைமேல போகப்போக ரெண்டாவது பதில்தான் மிஞ்சும். எல்கேஜி படிப்புக்கு, பால்வாடி சோத்துக்கு என்று மனசில் ஒரு பிரிவினை பதிந்துவிட்டது. அதைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்கணும்.

எல்கேஜியின் பலம் நோட்டு. சாயங்காலம் பையைத் திறந்தால் ஏ, பி, சி, டி எழுதியிருக்கும். கொடுத்த காசுக்கு அது கணக்கு. ஆனால் பென்சில் பிடிக்கவே விரல் பழகாத வயசு அது. அந்த நோட்டு பெற்றோருக்குத்தான் பயன்படுகிறது, பிள்ளைக்கு அல்ல.

இதற்கு மாற்றாகப் பலர் சொல்வது மாண்டிசோரி. பிள்ளை கையால் பொருளைத் தொட்டு, தானே திருத்திக் கற்கும்; ஆசிரியர் கவனிப்பார். நல்ல முறைதான். ஆனால் 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. மரியா மாண்டிசோரியே 1939இல் அடையாறு வந்து பயிற்சி கொடுத்தார். அப்படிப்பட்ட முறை இன்று நம்மூரில் பெரும்பாலும் ஃபீஸ் கட்ட முடிந்தவர்களுக்கான பெயர்ப்பலகை ஆகிவிட்டது.

அங்கன்வாடியில் விளையாட்டுவழிப் பாடத்திட்டம் இல்லாமல் இல்லை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஐசிடிஎஸ் திட்டத்தில் முன்பருவக் கல்வி, ஆறு சேவைகளில் ஒன்று. ஊட்டச்சத்து, தடுப்பூசி, எடை பார்ப்பது, வீடு வீடாகப் போவது, பதிவேடு எல்லாம் ஒரே பணியாளர், ஒரு உதவியாளர் தலையில். பாட்டும் கதையும் கடைசிக்குப் போவது இதனால்தான்.

2019இல் தமிழ்நாடு அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியது. நோக்கம் சரி. ஆனால் இடைநிலை ஆசிரியர்களை மாற்றி அனுப்பித்தான் நடத்தினார்கள். 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்தபோது வகுப்புகளே நிற்கும் நிலை வந்தது. எதிர்ப்புக்குப் பிறகே தொடர்ந்தது. தொடங்கும்போது பெயரை மாற்றினார்கள், புதிதாக ஆளைச் சேர்க்கவில்லை.

ஆள் சேர்த்தால் என்ன ஆகும்? கானிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே சோதித்தார்கள். அரை நாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாகப் போட்டதும் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பிள்ளைகளின் மொழி, கணக்குத் திறன் கூடியது. வயசுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலை பார்க்க நேரம் கிடைத்தது ஒரு காரணம்.

அதனால் எந்த முறை உசத்தி என்று கேட்கும் முன், உங்க ஊர் மையத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருக்காங்களா, தினமும் எவ்வளவு நேரம்னு கேட்டுப் பாருங்க. கிராமசபையிலும் இதையே கேட்கலாம்.