கெத்தும் குடித்தால் மனம் தேறுமா?

கெடாவில் கம்பத்து வேலியோரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் வளரும் மரம் கெத்தும்; காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைப் பறித்துப் பெரிய பானையில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து வடிகட்டினால், கடுங்கசப்பான பழுப்புத் தண்ணி கிடைக்கும். அதைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி விற்கிறார்கள். அபின் கிடைக்காதவர்கள் இந்த இலையை நாடியதாக 1836-ஆம் ஆண்டிலேயே மலாயாவில் ஒரு குறிப்பு உண்டு. வெயிலில் உழைப்பவர்கள் அலுப்புத் தெரியாமல் இருக்கக் குடித்தது ஒரு காலம். இன்று 'மனசு பாரமா இருந்தா இதைக் குடி, ஆராய்ச்சியே சொல்லுது' என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. பாலிங், கூலிம், சுங்கை பட்டாணிப் பக்கம் குடிப்பவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்தாம். ஆனால் தோட்டம் விற்கப்பட்டுப் பட்டணத்து மலிவு வீடுகளுக்கு வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகளும் விலக்கல்லர். அதனால் அந்த ஆராய்ச்சி உண்மையில் எதைக் காட்டியது என்று பார்ப்பது நமக்கும் அவசியம்.

ஆராய்ச்சி பொய்யல்ல. அதைப் புரிந்துகொள்ள, உடலின் நெருக்கடி ஓட்டத்தை முதலில் பார்க்கவேண்டும். நெருக்கடி வந்தால் மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும். அங்கிருந்து கார்டிசால் இரத்தத்தில் கலக்கும். ஆபத்து நீங்கியதும் அந்தக் கார்டிசாலே மேலே போய் 'போதும்' என்று சொல்லி ஓட்டத்தை நிறுத்தவேண்டும். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் கணிசமானோருக்கு இந்த நிறுத்தம் சரியாக நடப்பதில்லை. புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கெத்தும் இலையின் முதன்மைப் பொருளான மித்ராஜினைனைப் பிரித்தெடுத்து எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார்கள். தப்ப வழியில்லாத தண்ணீரில் விட்ட எலி சில நிமிடங்கள் போராடிவிட்டு அசையாமல் மிதக்கத் தொடங்கும். அந்த அசைவற்ற நேரம்தான் கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 10, 30 மில்லிகிராம் பெற்ற எலிகள் குறைந்த நேரமே அசைவற்றுக் கிடந்தன. எலிகளில் கார்டிசாலின் வேலையைச் செய்யும் கார்டிகோஸ்டிரோனும் குறைந்திருந்தது. சும்மா ஓடியாடும் சுறுசுறுப்பு கூடவில்லை என்பதையும் சரிபார்த்தார்கள். கவனமாகச் செய்த ஆய்வு. அதை ஏளனம் செய்வது அறிவுடைமை ஆகாது.

ஆனால் கார்டிகோஸ்டிரோன் இறங்கியதை மட்டும் வைத்து மனச்சோர்வு தீர்ந்தது என்று முடிவுகட்ட முடியாது. மித்ராஜினைனும், அதிலிருந்து உடலில் உருவாகும் பொருளும், மார்ஃபின் அமரும் அதே ஏற்பிகளில் பகுதியளவு வேலை செய்பவை. அபின் இனப் பொருள்களைத் தொடர்ந்து எடுப்பவரின் அட்ரீனல் ஓட்டம் அடங்கியே இருக்கும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. அவற்றை நிறுத்தினால் அதே ஓட்டம் கட்டுக்கடங்காமல் எகிறும். ஆகவே இந்த வகைப் பொருளை, குடித்த அன்று மனம் எப்படி இருந்தது என்று கேட்டு எடைபோடக்கூடாது; குடிக்காத அன்று எப்படி இருந்தது என்று கேட்கவேண்டும். பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.எம்.) போதைப்பொருள் ஆய்வு மையம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. வழக்கமாகக் குடிக்கும் 293 பேரிடம் நடத்திய அதன் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு மேல் குடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையாக அதைச் சார்ந்திருந்தார்கள். நிறுத்தியபோது தசைப்பிடிப்பு, தூக்கமின்மை, மூக்கொழுகல் எல்லாம் வந்தன. கூடவே படபடப்பு, கோபம், துக்கம். எந்தத் துயரத்துக்கு மருந்தென்று சொல்லிக் குடிக்கிறார்களோ, அந்தத் துயரமே பின்கதவு வழியாக வருகிறது. நாளுக்கு மூன்று குவளையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்குச் சிக்கல் அதிகம்.

இன்னொரு சான்று எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. நெருக்கடி ஓட்டத்தின் தலைவாசலையே அடைக்கும்படி, ஹைப்போதாலமஸ் விடும் முதல் தூண்டலை மறிக்கும் மருந்துகளைப் பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் உருவாக்கிப் பார்த்தன. எலிகளிடம் பிரமாதமாக வேலை செய்த அவை, மனச்சோர்வு நோயாளிகளிடம் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. குறிபார்த்துச் செய்த மருந்துகளுக்கே இந்தக் கதி என்றால், ஒரு பானைக்கும் இன்னொரு பானைக்கும் வீரியம் மாறும் இலைத்தண்ணியிடம் அதை எதிர்பார்க்க என்ன நியாயம்? மனச்சோர்வுக்கென்று விற்கப்படும் இன்னொரு மூலிகையான அமுக்கராவுக்கும் இதே அளவுகோல்தான். ஹைதராபாத்தில் 64 பேரிடம் 60 நாள் நடந்து 2012-இல் வெளிவந்த சோதனையில் கார்டிசால் கால்பங்குக்கு மேல் குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அவர்கள் நீண்டநாள் மன உளைச்சலில் இருந்தவர்கள். மனச்சோர்வு நோயாளிகள் அல்லர். அந்த எண்ணைக் காட்டி மனச்சோர்வுக்கு மருந்தென்று பொட்டலம் விற்பது தவறு.

'டாக்டர் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல் வருகிறதே' என்று கேட்பார்கள். வருகிறது, அதை மறைப்பவர்கள் நோயாளிக்குத் துரோகம் செய்கிறார்கள். ஆனால் மாத்திரையின் அளவு தெரியும். படிப்படியாகக் குறைக்க முடியும். பயன் எவ்வளவு என்பது ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் அளக்கப்பட்டிருக்கிறது. 'ஹெராயினிலிருந்து மீள இது உதவுகிறது' என்பது இன்னும் கனமான வாதம். கெடாவிலும் பினாங்கிலும் குடிப்பவர்களிடம் அதே மையம் நடத்திய ஆய்வில் பலர் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அதை ஏற்கிறேன். ஊசியை விட்டு இலைக்கு வந்தவனுக்கு அது இறக்கம். ஆனால் வேலை போன கவலையிலோ வீட்டுச் சண்டையிலோ முதன்முதலாகப் பையைப் பிரிக்கும் இருபது வயதுப் பையனுக்கு அது ஏற்றம். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்வதில்தான் ஆபத்து.

'உழைக்கிறவனுக்கு வேறு என்ன ஆறுதல் இருக்கிறது' என்ற கேள்வியும் கெடாவுக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கும் இதே நியாயம்தான் சொல்லப்பட்டது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் அந்தக் கடைகளை மறித்து நின்றபோது, ஆறுதல் என்ற பெயரில் தங்கள் கூலியும் உடம்பும் கரைவதை அவர்கள் கண்டிருந்தார்கள். தோட்டமும் லயமும் கோயிலும் ஒருசேரப் போனவனின் துயரத்துக்கு அட்ரீனல் சுரப்பி மட்டுமே காரணமல்ல.

அதற்காகச் சிறைதான் வழி என்று நான் நினைக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி கெத்தும் தண்ணிக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ நான்காண்டு வரை சிறையோ கிடைக்கலாம். தாய்லாந்து 2021-இல் தடையை நீக்கியது. நமக்கு முதலில் வேண்டியது மனிதர்களிடம் நடத்தும் சோதனை. முடியாத காரியமல்ல, 2020-இல் யு.எஸ்.எம். ஆய்வாளர்கள் 26 ஆண்களிடம், யாருக்கு எது தரப்பட்டது என்று இரு தரப்புக்கும் தெரியாத முறையில், கெத்தும் வலி தாங்கும் நேரத்தைக் கூட்டுவதைக் காட்டினார்கள். மனச்சோர்வுக்கு அப்படியொன்று நடந்து, நிறுத்தியதற்குப் பிந்தைய வாரங்களின் கார்டிசாலும் மனநிலையும் பதிவாகவேண்டும்.

தண்டனைப் பயம் ஒரு கேட்டையும் செய்கிறது. நாட்டில் மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு, ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அவர்களில் ஒருவர் கெடாவில் ஒரு வெள்ளி கட்டி அரசு கிளினிக்கில் உட்கார்ந்தாலும், கெத்தும் குடிப்பதை வாய்திறந்து சொல்லமாட்டார். மித்ராஜினைனோ, பல மனச்சோர்வு மாத்திரைகளைக் கல்லீரலில் கரைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள். மருத்துவர் சரியான அளவில் எழுதிய மாத்திரைகூட அந்த உடம்பில் அளவுக்கு மீறித் தேங்கலாம். 'கெத்தும் குடிப்பீர்களா? சொன்னால் போலீசுக்குப் போகாது' என்ற உறுதியை மருந்துச் சீட்டு எழுதும் முன்னரே, தமிழிலும் மலாயிலும், தந்தாகவேண்டும்.