துணிக்குள் இருந்த தாய்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட குழந்தைப் படங்கள் பலவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. குழந்தைக்குப் பின்னால் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் துணி போர்த்திய ஓர் உருவம் இருக்கும். படம் பதியப் பல விநாடிகள் பிடித்த காலம் அது. படம் பதியும்வரை குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ளத் தாய் தேவைப்பட்டாள். படத்திலோ அவள் தேவைப்படவில்லை. கலைஞர் லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் தேடிச் சேர்த்த இத்தகைய படங்கள் 2013 வெனிஸ் பியன்னாலேயில் காட்சிக்கு வந்தன. அதே ஆண்டில் நூலாகவும் வெளியாயின. தாயையும் சேயையும் படமெடுத்த வரலாற்றை, அந்தத் துணிக்குள்ளிருந்து தாய் வெளியே வந்த வரலாறாகப் படிக்கலாம். அவள் முழுதாக வந்துவிட்டாளா என்பதே கேள்வி.

முதலில் அவள் மாதாவாக வந்தாள். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1863இன் இறுதியில், தம் 48ஆம் வயதில், மகள் பரிசளித்த கேமராவோடு படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய கன்னி மரியாள் படங்களில் அடிக்கடி தோன்றுபவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். மடியில் இருப்பவை பிறர் வீட்டுக் குழந்தைகள். தாய்மை அங்கே அணிந்து கழற்றும் வேடம். 1875இல் கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போன கேமரன், அங்குள்ள உழைப்பாளிகளையும் படமெடுத்தார். 1879இல் அங்கேயே இறந்தார். பணிப்பெண்ணின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. இலங்கைப் படங்களில் இருப்போரில் பலரது பெயர் பதிவாகவில்லை.

அமெரிக்காவில் கெர்ட்ரூட் கேஸ்பியர் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கேமராவைக் கையில் எடுத்த தாய். 1899இல் அவர் எடுத்த படமொன்றில் ஆக்னஸ் லீ தம் மகளை வாசலில் நிறுத்தி வெளியுலகுக்கு அனுப்பிவைக்கிறார். 1904இல் அதே ஆக்னஸ் லீ தனியாக அமர்ந்திருக்கிறார், மகள் இறந்துவிட்டாள். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு படங்களுமே மாதா படங்களின் மரபிலிருந்து விலகி ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் இறங்குவது தெரியும்.

அடுத்து அவள் துயரத்தின் சின்னமானாள். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், அரசு வேலையாக வந்த டோரதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ உலகம் அறிந்தது. குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, தாயின் முகம் மட்டும் நம் முன் நிற்கிறது. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகுக்குத் தெரிய 1978 வரை ஆயிற்று. 42 ஆண்டுகள் ஒரு நாட்டின் வறுமைக்கே முகமாக இருந்தவருக்குப் பெயர் இல்லை. அந்தப் படத்தால் தமக்கு எந்தப் பயனும் வரவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

படத்தில் இருப்பவருக்கு நாம் பட்ட இந்தக் கடனை இன்னும் கூர்மையாகக் காட்டியது மினமாட்டா. ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு கலந்த மீனை உண்டு இந்த ஜப்பானிய ஊர் நோயில் விழுந்தது. அங்கே 1971இல் டபிள்யூ. யூஜீன் ஸ்மித், நோயோடு பிறந்த மகள் தொமொகோவைக் குளிப்பாட்டும் தாயைப் படமெடுத்தார். தினமும் நடக்கும் குளியல்தான். உலகின் மனசாட்சியை அது உலுக்கியது. மகள் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் பெற்றோர் விரும்பியபடி, யூஜீன் ஸ்மித்தோடு அங்கே பணியாற்றிய, பதிப்புரிமை வைத்திருந்த அய்லீன் ஸ்மித் அதன் மறுவெளியீட்டை நிறுத்தினார். மகத்தான படம் என்பதாலேயே அது எல்லார்க்கும் சொந்தமாகிவிடாது என்று அவர் எடுத்த அந்த முடிவு, இத்துறையில் நிகழ்ந்த மிக நேர்மையான செயல்களில் ஒன்று.

பெரிய திருப்பம் 1990களில் தொடங்கியது. கேரி மே வீம்ஸ், 1990இல் முடித்த சமையலறை மேசைத் தொடரில், ஒரே விளக்கின் கீழ் ஒரே மேசையில் ஒரு கறுப்பினப் பெண்ணின் காதல், நட்பு, தாய்மை எல்லாவற்றையும் நடத்திக் காட்டினார். தாயும் சிறுமியும் ஆளுக்கொரு கண்ணாடி பார்த்து உதட்டுச்சாயம் பூசும் படத்தில் பாசத்தோடு களைப்பும் இருக்கிறது. 1994இல் ரினெக்கே டைக்ஸ்ட்ரா, பிரசவம் ஆகி ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் கடந்த மூன்று தாய்மாரைச் சுவரோரம் நிற்கவைத்து எடுத்தார். அறுவைத் தழும்பும் வழிந்த ரத்தமும் மறைக்கப்படவில்லை. எலினோர் கருச்சி 2013இல் வெளியிட்ட நூல், தம் இரட்டைக் குழந்தைகளோடு அழுகையும் கோபமும் அலுப்புமாகக் கழிந்த ஆண்டுகளின் பதிவு.

இவற்றுள் அதிகம் சர்ச்சைக்குள்ளானது சாலி மான் 1992இல் வெளியிட்ட ‘இம்மீடியட் ஃபேமிலி’. வர்ஜீனியாவின் கோடைகளில், பெரிய மரக் கேமராவால், தம் மூன்று பிள்ளைகளை அவர்கள் இருந்தபடியே, பல படங்களில் ஆடையின்றியே எடுத்தார். வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்ன படங்களைச் சேர்க்கவில்லை. ஆனால் சிறுவயதில் தரும் சம்மதம் எவ்வளவு தூரம் செல்லும்? பிரான்ஸ் 2024இல் இயற்றிய சட்டம், பிள்ளையின் படங்களைக் காக்கும் பொறுப்பைப் பெற்றோர் இருவர் மீதும் வைத்து, வயதுக்கேற்பப் பிள்ளையின் கருத்தையும் கேட்கச் சொல்கிறது. ஒருகாலத்தில் கலைக்கூடத்தில் எழுந்த கேள்வி இன்று ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை பெரும்பாலும் ஸ்டுடியோவில் நடந்தது. குப்புற விழத் தொடங்கிய மாதத்தில் உடுப்பில்லாமல் ஒரு படம். முதல் மொட்டைக்கு முன் ஆண்பிள்ளைக்கும் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி ஒரு படம். வளைகாப்பின்போது முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து, பூ தைத்த சடை தெரிய ஒரு படம். தூளியும் அடுப்படியும் அந்த வெளிச்சத்துக்குள் வந்தது அரிது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேமித்திருக்கிறது. நம் குடும்பங்கள் தம்மை எப்படிக் காட்ட விரும்பின என்பதற்கு அது அரிய சான்று.

இன்று சென்னையிலும் கோவையிலும் பச்சிளங்குழந்தைப் படப்பிடிப்பு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. குழந்தை அயர்ந்து தூங்கும் முதல் இரண்டு வாரங்களுக்குள் கூடையில், பஞ்சுத் துணியில் கிடத்தி எடுக்கிறார்கள். கைகளில் கன்னத்தைத் தாங்கித் தவளைபோல் உட்கார்ந்திருக்கும் குழந்தைப் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். எந்தச் சிசுவும் தானாக அப்படி உட்காராது. பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒரு படம், கையைப் பிடித்திருக்க இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒட்டி, பிடித்த கையைக் கணினியில் அழிக்கிறார்கள். துணி போய் மென்பொருள் வந்திருக்கிறது. தாங்கும் கை இன்னும் மறைகிறது.

அன்றாடப் படத்துக்குத் தேவையானவை எளியவை: ஜன்னல் வெளிச்சம், குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்த கேமரா, அசைவை நிறுத்தும் வேகம், ‘சிரி’ என்று சொல்லாத பொறுமை. இவற்றைவிட முக்கியமானது, கேமராவை யார் பிடிப்பது என்பது. பல வீடுகளில் குழந்தையை எடுப்பவள் தாயே. அதனால் அவள் எந்தப் படத்திலும் இல்லை. கேமராவை அவளிடமிருந்து வாங்குங்கள். சோறூட்டுகையில், தலை வாருகையில், அசந்து தூங்குகையில் அவளையும், அவள் இசைவோடு, எடுங்கள். வெளியே பகிருமுன் விவரம் தெரிந்த பிள்ளையைக் கேளுங்கள். அச்சிட்ட படத்தின் பின்னால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.